கலங்கரை விளக்கமா, கோட்டையா, பழைய பாலமா? ஹெர்மிஸ் மாலுமிகளுக்கு ஒரு நினைவு நடைபாதை

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாது. கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் அளவில், ஐம்பது மீட்டர் ஆழத்தில், அங்கே ஒரு பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. ஹெர்மிஸ் என்று பெயர். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் போட்ட குண்டுகளில் சில நிமிடங்களுக்குள் மூழ்கிப்போனது. அதோடு போனவர்கள் 307 பேர். கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயர், ஹொலிஹொக் என்ற சிறு காவற்கப்பல், இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் அன்றைக்கே இந்தக் கடலில்தான் போயின.

நான் இருபது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்தவள். என் அம்மம்மா 'ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம்' என்று ஒரு கணக்குச் சொல்வார். இன்ன மாமா அந்த வருசம் பிறந்தவர், இன்ன கிணறு அந்த வருசம் வெட்டினது என்று. அந்தக் குண்டு எங்கே விழுந்தது என்று வகுப்பில் கேட்டால், தெரிந்தவர்கள் திருகோணமலை என்பார்கள், கொழும்பு என்பார்கள். எங்கள் வீட்டு வாசலில் விழுந்ததைச் சொன்ன பிள்ளைகள் மிகக் குறைவு.

2042 இல் அதற்கு நூறு வருடம் ஆகிறது. மாலையில் நடக்கப்போகும் நாங்கள் சிலபேர் கொஞ்ச நாளாக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு கல்லை நட்டு மாலை போட்டுவிட்டு வருவதில் எங்களில் யாருக்கும் விருப்பமில்லை. பிள்ளைகள் நடந்துகொண்டே படிக்கிற மாதிரி, நடைபாதையும் நினைவிடமும் ஒன்றாக வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். எந்த இடம் என்றபோதுதான் பிரிந்தோம். மூன்று இடங்களையும் நான் நடந்து பார்த்தேன், காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம்.

பாதிப்பேர் சொன்னது பாலமீன்மடு. பார் வீதி போய் முடிகிற முகத்துவாரத்தில் 1913 இல் கட்டிய கலங்கரை விளக்கம், 28 மீட்டர் உயரம். கப்பல்களுக்காகக் கட்டிய விளக்கின் காலடியில் மூழ்கிய கப்பலுக்கு நினைவிடம் என்றால் பொருத்தம் தானாகவே வந்துவிடுகிறது. ஹெர்மிஸ் மூழ்கிய அன்றும் அந்தக் கோபுரம் அங்கேயே நின்றது. வாவியும் கடலும் சேருகிற இடம், காற்று வேறு. ஞாயிற்றுக்கிழமையில் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து படகேறுகின்றன. முதல் தடவை போனபோது என் மனமும் அங்கேதான் சாய்ந்தது.

இரண்டாம் தடவை காலடி மணலைப் பார்த்தேன். மாரியில் வெள்ளம் ஏறினால் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களைக் காப்பாற்ற முகத்துவாரத்து மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். வெட்டிய பிறகு தண்ணீர் பாயும் வழியும் மணல் சேரும் திட்டும் வருடத்துக்கு வருடம் இடம் மாறும். இந்த வருடம் நாம் கல் பதிக்கிற இடத்தில் ஐந்து வருடம் கழித்து என்ன இருக்கும் என்று அங்குள்ள மீனவர்களே உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். அப்புறம் தூரம். நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில் இருப்பதால் ஒரு வகுப்பைக் கூட்டிப்போக பஸ் பிடிக்க வேண்டும். பஸ் பிடித்தால் அது சுற்றுலா ஆகிவிடும். பிள்ளைகள் சோற்றுப் பார்சலோடு இறங்கி, படகைப் பார்த்ததும் ஓடிவிடுவார்கள், அது அவர்களுடைய பிழையுமல்ல. பாதை என்று போட்டாலும் விளக்கைச் சுற்றி ஒரு சிறு வட்டம்தான் வரும். ஒரு கப்பலின் கதையைச் சொல்ல அந்த வட்டம் போதாது.

கோட்டைப் பக்கத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வசதி என்று பார்த்தால் மூன்றிலும் அதுதான் முதல். நிழல் உண்டு, இருக்கை உண்டு, பஸ் நிலையம் கிட்ட. காந்தி பூங்காவில் பின்னேரம் சனம் நிறைய. ஆனால் புளியந்தீவின் அந்த மூலை ஏற்கனவே கதைகளால் நிரம்பிவிட்டது. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, 1638 இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர், 1814 இல் வந்த மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட், அவரை நினைவுகூரும் மட்டக்களப்பு வாயில். இதற்குள் ஹெர்மிஸைக் கொண்டுபோய் வைத்தால் பலகைகளில் இன்னொரு பலகையாக நின்றுவிடும். அங்கிருந்து பார்த்தால் வாவிதான் தெரியும், கடல் தெரியாது. கோட்டைக்கு ஒரு நடைபாதை தேவைதான். அது கோட்டையின் கதையைச் சொல்லட்டும்.

பாசிக்குடாவையும் ஒருவர் சொன்னார். வெளிநாட்டுக்காரர் வருகிற இடம், பார்ப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். எங்கள் பிள்ளைகள் படிப்பதற்காக நாங்கள் கேட்கிற பாதை அது. ஹோட்டல் வாசலில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது கல்லடிப் பழைய பாலம். நான் கை தூக்குவது இதற்குத்தான்.

லேடி மானிங் பாலம் என்ற அது 1924 இல் கட்டியது. ஹெர்மிஸ் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்ததும் அதே 1924 இல்தான். இரண்டும் ஒரு வயது இரும்பு. ஒன்று பதினெட்டு வருடத்தில் கடலுக்கு அடியில் போனது. மற்றது 2013 இல் பக்கத்தில் புதுப்பாலம் திறக்கும்வரை பஸ், லொறி, மாட்டுவண்டி எல்லாவற்றையும் சுமந்தது. இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரரும் போகிறார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அதில் ஊரே இருக்கும். நிலவு நாளில் மீன் பாடுவதைக் கேட்க வந்து காத்திருப்பவர்களும் இருப்பார்கள். நினைவிடத்துக்கு ஆட்களைக் கூப்பிட வேண்டிய தேவையே இங்கே இல்லை, அவர்கள் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் பலகை நகரப்பக்கத்தில், பாலம் தொடங்குமிடத்தில் வரட்டும். பிரித்தானியக் கப்பலுக்கு இந்தக் கடலில் என்ன வேலை என்ற கேள்வியோடு தொடங்க வேண்டும். 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவின் இறப்பர் எதிரி கையில் போனது. இலங்கையின் இறப்பரும் திருகோணமலைத் துறைமுகமும் பேரரசுக்கு உயிர்நாடியாகிவிட்டன. எங்களை ஆண்டவர்கள் தங்கள் ஆட்சியைக் காக்கத்தான் அந்தக் கப்பலை நிறுத்தினார்கள் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்காது.

பாலத்தின் நடுவில் அந்த ஐந்து நாட்கள். ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. 8 ஆம் திகதி இரவு, திருகோணமலையிலும் தாக்குவார்கள் என்று தெரிந்து ஹெர்மிஸையும் வாம்பயரையும் துறைமுகத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். விமானங்கள் கரையில் நின்றுவிட்டன. விமானந்தாங்கியில் ஒரு விமானம்கூட இல்லை. ஆபத்துக்கு விலகித் தெற்கே வந்து, திரும்பிப் போகும் வழியில் ஜப்பானிய வேவு விமானத்தின் கண்ணில் பட்டது. உதவிக்குப் புறப்பட்ட விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் இல்லை. பாலத்தின் நடுவே, இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்க, இதைப் படிக்கும் பிள்ளைக்கு நான் வகுப்பறையில் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாக விளங்கும்.

கல்லடிக் கரையில் இறங்குமிடத்தில் வீட்டா. தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிய மருத்துவக் கப்பல் அது, அறுநூறு பேரளவில் காப்பாற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. செத்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லுகிற பாதையில் இதையும் சொல்லியாக வேண்டும். அங்கிருந்து உப்போடை, சிவானந்தா வித்தியாலயம், விபுலாநந்த அடிகளின் சமாதி. அவர் 1947 இல் மறைந்தவர், ஹெர்மிஸ் மூழ்கியபோது உயிரோடிருந்தவர். பிறகு கடற்கரை.

குறையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடாகாது. பாலத்தில் ஒரு மர நிழல் கிடையாது. கப்பல் மூழ்கிய நேரம் காலை பத்தரை, பதினொரு மணி. சித்திரை வெயிலில் அந்த நேரத்துக்கு நினைவு நாள் வைத்தால் சின்னப்பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். வெள்ளென ஆறரைக்கு நடந்து முடிப்பதுதான் வழி. இறங்குமிடத்தில் கல்முனை வீதி, வாகனம் ஓயாத வீதி. வகுப்பை அதற்குக் குறுக்கே கொண்டுபோக ஒரு கடவையும் ஒரு ஆளும் கட்டாயம் வேண்டும். உப்புக்காற்றும் பெரிய பிரச்சினை. முன்பு ஒரு பள்ளிக்கூடத்துக்காக நாங்கள் பணம் சேர்த்து ஒரு தகவல் பலகை அடித்துக் கொடுத்தோம், பிளெக்ஸில். ஒரு மாரியும் ஒரு வெயிலும் தாங்கவில்லை, எழுத்து வெளிறி, மூலை கிழிந்து தொங்கியது. இரும்புச் சட்டமும் வேண்டாம். கருங்கல்லில் வெட்டிய எழுத்துதான் நிற்கும். செலவு கூடும்தான், பலகையின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வோம். போனில் ஸ்கான் பண்ணிப் பார்க்கிற ஏற்பாட்டை விரும்பினால் சேர்க்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

இனி, இடத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று. எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி எழும்பிக் கேட்டான்: "சத்துருக்கொண்டான்ல செத்த எங்கட சனத்துக்கு ஆர் பாதை போட்டது ரீச்சர்? வெள்ளைக்காரனுக்கு மறுகா போடலாம்தானே?" யாரும் உடனே பேசவில்லை. 1990 செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் சனத்தைக் கொன்ற நாள், அவனுடைய வீட்டில் அது என்ன நாள் என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்னால், ஓகஸ்ட் 3 இல், காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அந்தச் சுவரில் துளைகளை இன்றும் பார்க்கலாம். 2019 ஈஸ்டர் அன்று சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் எங்கள் பிள்ளைகள் செத்துப்போனார்கள். போர்வீரர் நினைவிடம் என்ற சொல்லைக் கேட்டதும் இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு முகம் ஞாபகத்துக்கு வரும்.

அவன் கேட்டது நியாயம். எங்கள் சாவைப் பேசப் பயந்து, பேசச் சுலபமான வேறொருவர் சாவைப் பேசுகிறோம் என்றால் இந்தப் பாதை வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். அதை அவனிடமே சொன்னேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஹெர்மிஸில் போனவர்களில் கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் இங்கிலாந்தில் பிளைமவுத், போர்ட்ஸ்மவுத், சாத்தம் கடற்படை நினைவுத்தூண்களில் இருக்கின்றன. அந்தத் தாய்மாரிடம் பெயர் இருந்தது, பிள்ளை கிடக்கும் கடல் இல்லை. எங்களிடம் கடல் இருக்கிறது, பெயர் இல்லை. உடல் கிடைக்காமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இருப்பது எப்படி என்று மட்டக்களப்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இதை நாம் செய்யலாம் என்கிறேன், நம்மால் மரியாதையாகச் செய்ய முடியும். சத்துருக்கொண்டான் பாதைக்கும் அதே கூட்டம், அதே உழைப்பு. தம்பி அதற்குப் பொறுப்பெடுக்கிறான், நான் கூட நிற்கிறேன்.

பெயர்ச் சுவரா, கதைப் பலகையா என்ற வாதத்திலும் இதை வைத்தே முடிவெடுத்தேன். கதை வழிநெடுக வரட்டும், பெயர்கள் ஒரே இடத்தில், கடலைப் பார்த்தபடி. எல்லாக் கப்பலையும் சேர்த்தால் முந்நூற்றைம்பதுக்கு மேல் வரும். ஹெர்மிஸின் கப்டன் ஒன்ஸ்லோ, வாம்பயரின் தளபதி மோரன் இருவரும் அதில் உண்டு. பதவி வரிசை வேண்டாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்து ஒரே அளவில்.

சுனாமியையும் இதே பாதையில் சேர்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரம் வழியில்தான் வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் சாய்த்தது. ஆனால் நாவலடியில் வீடு இழந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் அங்கே விளக்கேற்ற வருகிறார்கள். அவர்களுடைய துக்கத்தின் மேல் நாங்கள் போய்ப் பாடம் எழுத முடியாது. கோபுரத்தடியில் பலகை வைப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பேசாமல் கடந்து போகட்டும்.

கடைசிப் பலகைக்கு இடம் பார்க்கப் போன வெள்ளிக்கிழமை கடற்கரைக்குப் போனேன். வாடை ஓய்ந்து கடல் அடங்கியிருந்தது. நான் குச்சி நட்டு அளப்பதைப் பார்த்து ஒரு மீனவர் வந்தார். கப்பல் கிடக்கிற இடம் அவருக்கு அத்துப்படி. "அதுல வலை போட்டாக் கிழிஞ்சுதான் வரும் ரீச்சர், ஆனா மீன் நிக்கும்" என்றார். பெயர்ச் சுவர் இங்கேதான் வரும் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கரைவலை இழுக்கிற நாளில் ஆட்கள் பின்னுக்கு நடந்து வருகிற தடம் அது என்று சொன்னார். பிறகு அவரே குச்சியைப் பிடுங்கிப் பத்து அடி வடக்கே நட்டார்.