பாசிக்குடாவில பாய் போட்ல போக யோசிக்கிற ஆக்களுக்கு

பாசிக்குடாவில போட் எண்டா எல்லாரும் கண்ணாடி போட்டையும் பனானா போட்டையும்தான் சொல்லுவாங்க. நான் சொல்றது பாய் போட்டு ஓடுற கெட்டமரான், விடிய வெளிக்கிட்டு காயாங்கேணிப் பக்கம் கூட்டிப்போய் மத்தியானத்துக்குள்ள கொண்டு வந்து விடுறாங்க. காசு கூடத்தான், ஆனா குடுக்கலாம்.

முதல் விசயம் எஞ்சின். கன இடத்தில பாய் போட் எண்டு ஏத்திப்போட்டு முழுக்க எஞ்சின்லதான் ஓட்டுவாங்க, பாய் சும்மா போட்டோக்கு. இவங்க குடாவத் தாண்டினதும் ஓஃப் பண்ணிட்டாங்க, மறுகா திரும்பி குடாவுக்குள்ள வரக்குள்ளதான் போட்டாங்க, அதுவரைக்கும் காத்தும் தண்ணியும்தான், நாங்க மெதுவா கதைச்சாலே அணியத்தில, அதான் போட்ட முன்பக்கத்தில, இருக்கிற பிள்ளைக்குக் கேக்குது.

நாங்க போனது கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற காலம். கரையில நிண்டா அந்தக் காத்து ஆள வாட்டி எடுத்திரும், ஆனா இந்த ஓட்டத்துக்கு அதவிட நல்ல காத்து இல்ல. கரை வடமேற்கால போகுது, கச்சான் தென்மேற்கால அடிக்குது, அதால போகக்குள்ளயும் வரக்குள்ளயும் காத்து பக்கத்தாலதான், ஒருக்காவும் எதிர்க்காத்தில மல்லுக்கட்ட வேண்டி வரல்ல. தரைப்பக்கத்தில இருந்து வாறதால கரையோரம் அலையும் பெருசா எழும்பாது. ஆனா அதே காத்துத்தான் போட்ட வெளிக்கடலுக்குத் தள்ளும், வாழைச்சேனை ஆத்துவாய்க்கிட்ட இன்னும் கொஞ்சம் வெளிய போவமா அண்ணன் எண்டு கேட்டதுக்கு "வேணாம் தம்பி, இதுக்கு மேல போனா காத்து சுகமா திரும்ப விடாது" எண்டு சொல்லிட்டு போட் ஓட்டினவர் கரைய விடாமலே கொண்டு போனார். காசு குடுத்த ஆள் கேக்கிறான் எண்டு தலையாட்டாத அந்தக் குணத்துக்காகவே நான் இவங்களச் சொல்லுவன்.

எனக்கு மெய்யாவே மனசு நிறைஞ்சது காயாங்கேணியில நங்கூரம் போட்ட விதம். 2019ல கடல் சரணாலயமா அறிவிச்ச இடம் அது. பாயச் சுருட்டிட்டு தண்ணியிட நிறத்தப் பாத்துப் பாத்து, வெள்ளையா மணல் தெரியிற இடம் வரைக்கும் போய்த்தான் இறக்கினார், முருகைக்கல்லுக்கு, அதான் பவளப்பாறைக்கு, மேல சங்கிலி படவேயில்ல. ஒரு காலம் சுண்ணாம்புக்கெண்டு கல்லு உடைச்சு அழிச்ச கரை இது, மறுகா கடல் சூடாகி வெளுத்ததும் இருக்கு, மிச்சம் இருக்கிறதயாவது இப்பிடிப் பாக்கிற ஆக்கள் வேணும். நீந்தப் போறவங்க கல்லுல கால் வைக்கக்கூடாது எண்டும் கண்டிப்பாச் சொல்லித்தான் இறக்கினாங்க.

குறையும் இருக்கு. பத்து மணிக்குப் பிறகு ஒதுங்க நிழல் இல்ல, பாய் நிழல் ஒரு பக்கத்துக்குத்தான். சின்னப் பிள்ளையள்ற அளவில லைஃப் ஜக்கெட் காணாது, இது கட்டாயம் திருத்தணும். விலைய எழுதிப் போடல்ல, கேட்டாத்தான் சொல்றாங்க. சாப்பாடு புட்டும் மீன்குழம்பும், நல்லம்.

ஹேர்மஸ் கப்பல் பாக்கலாமா எண்டு சிலர் கேட்டிருந்தாங்க. 1942ல ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாட்ட அந்தக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளிய சுமார் 50 மீட்டர் ஆழத்தில கிடக்கு, அது பழகின டைவிங் ஆக்களுக்கு, இந்தப் பயணத்தில இல்ல.

போறதெண்டா ஆவணிக்குள்ள போங்க, வாடை, அதான் வடகிழக்குக் காத்து, தொடங்கினா போட்டக் கரையில ஏத்திருவாங்க. புக் பண்ணக்குள்ள பிள்ளையள்ற வயசச் சொல்லி ஜக்கெட் இருக்கா எண்டு கேட்டுக்கொள்ளுங்க, இல்லாட்டி உங்கடதக் கொண்டுபோங்க.