ஃப்ரேசல் வெர்ப்: பட்டியலா, வாக்கியமா?

தருமபுரியில் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சிக்கோ வங்கித் தேர்வுக்கோ படிக்கிறவர் போனில், டெலிகிராமிலிருந்து இறக்கிய ஃப்ரேசல் வெர்ப் (வினைச்சொல்லோடு ஆஃப், அப் போன்ற சிறுசொல் சேர்ந்து வேறு பொருள் தருவது) பட்டியல் பிடிஎஃப் ஒன்றாவது கிடக்கும். ஓசூர் கம்பெனி இன்டர்வியூவுக்குத் தயாராகிறவரும் அதையேதான் உருப்போடுகிறார். இருவர் தேவையும் வேறு வேறு.

பட்டியலின் பலம் வேகம். எஸ்எஸ்சி நடத்தும் சிஜிஎல் தேர்வின் முதல்கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மதிப்பெண். 'கால் ஆஃப்' என்றால் ரத்து, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைப்பு என்று அடையாளம் தெரிந்தாலே போதும், வாக்கியம் அமைக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தப்பாகக் குறித்தால் அரை மதிப்பெண் போய்விடும். அரைகுறை ஞாபகத்தை வளர்ப்பதில் அகரவரிசைப் பட்டியலை மிஞ்ச ஆளில்லை: புட் ஆன், புட் அவுட், புட் அப் வித் எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் நின்று ஒன்றோடொன்று மோதுகின்றன.

சினானிம் (ஒரே பொருள் தரும் சொற்கள்) பட்டியல் இன்னும் மோசம். பொருளில் நெருங்கிய புதுச்சொற்களை ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் மனதில் ஏறத் தாமதமாகிறது என்று ஆய்வாளர்கள் டிங்க்ஹாம் 1993இலும் வேரிங் 1997இலும் சோதித்துக் காட்டினார்கள். தவிர, பிக், லார்ஜ் இரண்டும் 'பெரிய' என்று பட்டியல் சொல்லும். 'பிக் மிஸ்டேக்' சரி, 'லார்ஜ் மிஸ்டேக்' என்று யாரும் பேசுவதில்லை என்பதைச் சொல்லாது. இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வாக்கியமாகப் படிப்பது மெதுவான வழி. ஆனாலும் நமக்கு அந்நியமில்லை. 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு என்று யாரும் நமக்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை. 'குழந்தையைப் பார்த்துக்கோ' என்று கேட்டுக் கேட்டே வந்தது. 'லுக் ஆஃப்டர்' அப்படித்தான் வரவேண்டும். பேச வேண்டியவருக்கு என் ஓட்டு இதற்கே. தேர்வு நெருங்கிவிட்டவருக்குப் பழைய வினாத்தாள்; அதிலும் கேள்வி பெரும்பாலும் வாக்கியமாகத்தான் வருகிறது. பட்டியலைக் கடைசி வாரத் திருப்புதலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழப்பும் சொற்களுக்கு மட்டும் இரண்டு வழியும் போதாது. யூடியூபில் எத்தனை முறை கேட்டாலும் 'ஸ்டேஷனரி' ஒரே ஒலிதான். ஏ-ஆர்-ஒய் என்று முடிந்தால் அசையாமல் நிற்பது, இ-ஆர்-ஒய் என்றால் எழுதுபொருள். 'பிரின்சிபல்' கதையும் இதுதான்: ஏ-எல் என்று முடிந்தால் கல்லூரி முதல்வர், எல்-இ என்றால் கொள்கை. இவற்றை நோட்டில் கையால் எழுதுங்கள். ஒன்று பழகி நாலைந்து நாள் கழித்து அதன் ஜோடியைத் தொடுங்கள்.