கர்ண மோட்சம் விட்ட ராத்திரி

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊர். பெரியவர்கள் இறந்தால் காரியத்தன்று ராத்திரி, போரில் கர்ணன் சாகும் கதையான கர்ண மோட்சம் தெருக்கூத்து விடுவது எங்கள் வழக்கம். அப்பா போனது 2021 வைகாசியில், கொரோனா இரண்டாவது அலையில். பாடை தூக்கவே ஆளை எண்ணித்தான் விட்டார்கள், அப்புறம் கூத்து எங்கே? முதல் வருடத் திதிக்காவது விட்டே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "இப்ப யாரும்மா விடிய விடிய உக்காந்து பாக்குறாங்க" என்றார் மாமா. அந்த வாரம்தான் 'விக்ரம்' வெளியாகியிருந்தது. பையன்கள் எல்லாம் வேலூரில் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள்.

பக்கத்து ஊர் ஜமா (கூத்துக் குழு) ஒன்றுக்குத் தாம்பூலம் வைத்தோம். ஒரு ராத்திரிக்கு 22,000 ரூபாய், சாப்பாடு நம்முடையது. ஜமாவை நடத்தும் வாத்தியார் பேரம் பேசவில்லை. அவர் சொன்ன கணக்குதான் மனதில் நின்றது. சினிமா கொட்டகையை 2020 நவம்பர் 10ஆம் தேதி பாதி இருக்கையோடு திறந்தார்கள், பொங்கலுக்கு 'மாஸ்டர்' வந்ததும் ஜனம் கூடிவிட்டது. கூத்துக்காரனுக்குப் பிழைப்பு பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும்தான். 2020 மார்ச், 2021 ஏப்ரல் என்று இரண்டு ஊரடங்கும் சரியாக அந்தப் பருவத்தின் தலையில் விழுந்தன. அவர் ராணிப்பேட்டையில் தோல் மூட்டை தூக்கியிருக்கிறார். கர்ணன் மனைவி பொன்னுருவியாக வேடம் கட்டுகிறவர் சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறார்.

நான் தையல்காரி, கண் முதலில் துணிக்குத்தான் போகும். இரண்டு வருடம் பெட்டியிலேயே கிடந்த பாவாடைகளில் பூச்சி அரித்த ஓட்டை, ஜரிகை கறுத்துப்போயிருந்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த புஜக்கட்டையில் (தோளில் கட்டும் அணி) உளு விழுந்த இடத்தை மெழுகால் அடைத்து, மேலே புதுக் கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தார்கள். பெட்ரோமாக்ஸ் காலத்தில் தெரிந்திருக்காது, எல்இடி வெளிச்சத்தில் எல்லாம் தெரிகிறது. ஆனால் முகத்தில் அரிதாரம் எழுதியிருந்த நேர்த்தியில் ஒரு கோடு பிசகவில்லை.

எட்டு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் வந்தது பத்தேகாலுக்கு. இது குறைதான். மைக் செட் நாங்கள் தனியாகப் பிடித்தது. அதன் இரைச்சலில் முகவீணை என்கிற சின்னக் குழல் பாதி நேரம் கேட்கவே இல்லை, அந்தப் பழி ஜமாவுக்கு இல்லை.

கோமாளியான கட்டியங்காரன் வந்ததும் கூத்து நடக்கும் களரி மாறியது. "மாஸ்க் போடாம எந்த ராஜாடா உள்ள வர்றது?" என்று திரைக்குப் பின்னால் நின்ற கர்ணனையே மறித்தான். பெரியவர்கள்கூடச் சிரித்தார்கள். பிறகு திரைக்கு மேலே கிரீடம், கீழே சலங்கைக் கால் மட்டும் தெரிய, கர்ணன் விருத்தம் பாடினான். கால் மணி நேரம் முகத்தையே காட்டவில்லை. செல்போனை நோண்டிக்கொண்டிருந்த என் அண்ணன் மகன் அப்போதுதான் அதைக் கீழே வைத்தான்.

பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தை வாத்தியார் நீட்டினார், நீட்டட்டும் என்றுதான் தோன்றியது. போருக்குப் போகிறவனை அவள் முதலில் குலம் கேட்டுக் குத்துகிறாள், பிறகு போகவிடாமல் காலைப் பிடிக்கிறாள். சித்தாள் வேலை பார்த்த அந்தக் கையில் வளையல் எவ்வளவு பொருத்தமாக இருந்தது! கர்ணனின் தேரோட்டி சல்லியன் வேடக்காரர் மட்டும் வசனத்தை ஒப்பித்துவிட்டுப் போனார், புதுப் பையன்.

நாலு மணிக்கு மேல் குந்தி ஒப்பாரி. போன வருடம் ஆம்புலன்ஸ் பக்கத்தில் கல்லாக நின்ற அம்மா, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். நான் எழுந்துபோய் டீக்கு அடுப்பு மூட்டினேன்.

விடிந்து மங்களம் பாடும்போது ஐம்பது அறுபது பேராவது இருந்தார்கள், மாமாவும்தான். மொய் தனியாக 3,400 ரூபாய் சேர்ந்தது. ஜமா கூப்பிட நினைக்கிறவர்கள் தை மாதமே தாம்பூலம் வைத்துவிடுங்கள், பருவத்தில் தேதி கிடைக்காது. ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள், ஒன்பதுக்காவது வருவார்கள். நான் அவர்களுடைய இரண்டு பாவாடைகளை வாங்கிவந்து கரை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆடிக்குள் கேட்டிருக்கிறார்கள்.