ஏற்காட்டில் ‘பழைய ரயில் நிலைய பப்’ என்று விளம்பரம் பார்த்தால் பணம் கட்டாதீர்கள்: 18,600 ரூபாய் போனது

சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கிய பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இன்று வியாழக்கிழமை. போனது 18,600 ரூபாய். மாதச் சம்பளக்காரன் எனக்கு அது சின்னத் தொகை அல்ல. அதைவிட, அறுபது வருடமாக ரயிலையே மூச்சாகக் கொண்ட என் அப்பாவை அழைத்துக்கொண்டு போய் ஒரு பொய்க் கட்டடத்தின் முன் நிற்க வைத்தேன் என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அடுத்த விடுமுறைக்குள் இன்னும் எத்தனை குடும்பங்கள் ஏறிப் போகுமோ தெரியவில்லை.

பெயர்களை எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். முன்பதிவு செய்தது, ஊர் சுற்றும் ‘அனுபவங்களை’ டிக்கெட் போட்டு விற்கும் ஒரு கைபேசிச் செயலியில். போன இடம், ஏற்காடு ஏரியைத் தாண்டி ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் விடுதி. இது போதும், பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

என் தங்கை கணவர் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் வேலை பார்க்கிறார். அங்கே ரயில் நிலையக் கட்டடங்களை பப்பாக மாற்றியிருப்பதைப் பற்றி எப்போது பேசினாலும் சொல்லுவார். 1963இல் பீச்சிங் என்பவர் கொடுத்த அறிக்கை மூடச் சொன்ன நிலையங்கள் மட்டும் 2,363. அப்படி மூடிய கட்டடங்கள் பல பிறகு வீடுகளாகவும் உணவகங்களாகவும் பப்களாகவும் மாறின. தங்கை கணவர் ஊரில் ரயில் நிலையம் இன்றும் ஓடுகிறது. ஆனால் அதில் 1904இல் கட்டிய முதல் வகுப்புச் சிற்றுண்டி அறை பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்ததாம். சுவர் ஓடுகளையும் மர வேலைப்பாட்டையும் பழையபடி செப்பனிட்டு 2009இல் பப்பாகத் திறந்தார்கள். அப்பாவும் அவரும் தொலைபேசியில் அரை மணி நேரம் இதையே பேசுவார்கள். அப்பா மதுவைத் தொடாதவர். அவருக்கு வேண்டியது கட்டடம்.

தங்கையும் மாப்பிள்ளையும் ஊருக்கு வரும் நேரத்தில் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘சேர்வராயன் மலையில் ஆங்கிலேயர் கால ரயில் நிலையத்தில் ஒரு நாள்.’ படத்தில் நீளமான மர கவுன்டர், சுவர் முழுக்கப் பளபளக்கும் ஓடு, தொங்கும் விளக்குகள். 4.7 நட்சத்திரம். நம் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

இங்கே சேலத்துக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். ஏற்காட்டுக்கு ஏது ரயில்? அதை நானும் கேட்டேன். டேனிஷ்பேட்டை, லோக்கூர், பொம்மிடி என்று மலையைச் சுற்றிக்கொண்டு போகிறதே தவிர, மேலே ஒரு தண்டவாளமும் ஏறியதில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன்.

அந்த அழைப்பில்தான் விழுந்தேன். எடுத்தவர் தடுமாறவே இல்லை. “சரியாகக் கேட்டீர்கள் சார், ரயில் வராத ஸ்டேஷன் இது. அவுட் ஏஜென்சி. தோட்டத்துக் காப்பி மூட்டைகளை இங்கேயே எடை போட்டு, ரசீது போட்டு, மாட்டு வண்டியில் கீழே சூரமங்கலம் ஸ்டேஷனுக்கு இறக்குவார்கள். துரைமார்களுக்கு இங்கேயே டிக்கெட். நீங்கள் ரயில்வே குடும்பமா சார்? அதுதான் இவ்வளவு விவரமாகக் கேட்கிறீர்கள்” என்றார்.

அவுட் ஏஜென்சி என்பது பொய்ச் சொல் அல்ல. தண்டவாளம் இல்லாத ஊர்களில் ரயில்வே ஒப்பந்தக்காரர்களை வைத்து டிக்கெட்டும் பார்சலும் பதிவு செய்து, பக்கத்து நிலையத்துக்குச் சாலை வழியாகக் கொண்டுசேர்த்த ஏற்பாடு அது. நிஜமாகவே இருந்தது. சரக்கு அலுவலகத்தில் 34 வருடம் எழுத்தராக இருந்த அப்பாவின் வாயில் நான் சிறு வயதிலிருந்து கேட்ட சொல். வெளியாள் ஒருவர் அதைச் சொன்னதும், உறவுக்காரர் ஒருவர் பேசியது போல ஆகிவிட்டது எனக்கு. அப்பாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். “ஏற்காட்டில் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதெல்லாம் என் காலத்துக்கு முந்தியது. கட்டடத்தைப் பார்க்கலாம்” என்றார். பெண்களும் பெரியவரும் வருகிறோம் என்றதற்கு, பார் தனி, காத்திருப்புக் கூடத்தில் குடும்பத்துக்குத் தேநீரும் சாப்பாடும் தனி என்று உறுதி கொடுத்தார்.

ஆறு பேர். அப்பா, அவருடைய நண்பர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு மாமா, நான், மனைவி, தங்கை, மாப்பிள்ளை. செயலியில் தலைக்கு 600 வீதம் 3,600 கட்டினேன். மறுநாள் அதே ஆள் அழைத்து, சமையலுக்குச் சாமான் வாங்க வேண்டும், செயலி வழியாகக் கட்டினால் பணம் கைக்கு வரப் பத்து நாள் ஆகும், மீதி 15,000த்தை நேரடியாக என் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பினேன். அந்த நிமிடத்தில் கை தயங்கியது நினைவிருக்கிறது. ரயில்வே குடும்பம் என்பதால் அப்பாவுக்குப் பழைய டோக்கன் கருவியை (ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு நேரத்தில் ஒரே ரயிலை விட நிலையங்களில் வைத்திருந்த இயந்திரம்) திறந்தே காட்டுகிறேன் என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னார், தயக்கம் போய்விட்டது. மொத்தம் 18,600.

சனிக்கிழமை காலை அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, அப்பாவுக்கு இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி, ஏரியையும் கடந்து, மண் பாதையில் இறங்கினோம். தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். சிவப்பும் வெள்ளையும் புதிதாக அடித்த பெயின்ட். வாசலில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் நிலையத்தின் பெயர். அப்பா இறங்கியதும் பலகையைத்தான் பார்த்தார். “கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கீழே போட்டிருக்க வேண்டுமே, எங்கே?” என்று கேட்டார். எந்த ஊர் நிலையத்துப் பலகையிலும் அது இருக்கும். இதில் இல்லை.

உள்ளே ஒரு பையன் ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்தான். பழைய அட்டை டிக்கெட் 57 மில்லிமீட்டர் நீளம், 31 மில்லிமீட்டர் அகலம், கெட்டி அட்டை. தேதியை அதற்கென்று இருந்த இரும்பு இயந்திரத்தில் விட்டு அழுத்துவார்கள், அந்தச் சத்தம் அப்பாவுக்கு இன்றும் காதில் இருக்கிறது. இங்கே கொடுத்தது விசிட்டிங் கார்டு அளவில் மெல்லிய தாள், மேலே ரப்பர் முத்திரை. அப்பா அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கார்டு மாமா டோக்கன் கருவி எங்கே என்று கேட்டார். சிவப்பு பெயின்ட் அடித்த பழைய தபால் பெட்டி ஒன்றைக் காட்டினான் பையன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலைக்கு வந்து மூன்று மாதமாம், சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்.

அப்பா வெளியே வந்து கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். சரக்கு ஏற்றும் மேடை இல்லை, எடை மேடை இருந்த தடமும் இல்லை. வண்டி வந்து திரும்ப இடமே இல்லை, மாட்டு வண்டி எங்கிருந்து வந்திருக்கும்? வேலியோரம் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்த பாட்டியம்மா ஒருவரிடம் கேட்டார். “ஸ்டேஷனா? இது காப்பி மூட்டை அடுக்கும் கிடங்கு சாமி. நான் கல்யாணம் ஆகி வந்தபோது கட்டியது” என்றார் அவர். அப்பா அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை நான் இனி எப்போது மறப்பேன்?

பாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் இருந்த மர கவுன்டரும் ஓடும் இல்லை. நான்கு பிளாஸ்டிக் மேசைகள். பீப்பாயிலிருந்து நேரே இறக்கும் பீர் என்று விளம்பரம். மாப்பிள்ளை கை கழுவப் பின்பக்கம் போனபோது, அரசு மதுக்கடைப் பாட்டில்களைத் திறந்து ஜாடியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பார் உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். “சாப்பிட வந்தீர்களா, சோதனை போட வந்தீர்களா?” என்றார் மேலாளர். தமிழ்நாட்டில் ஒரு விடுதி பார் நடத்த எஃப்.எல்.3 உரிமம் வேண்டும். அது இல்லாமல் ஊற்றிக்கொடுத்தால் சோதனை வரும் நாளில் மேசையில் உட்கார்ந்திருக்கும் நமக்கும்தான் தலைவலி. காத்திருப்புக் கூடம் என்பது அதே அறையில் ஒரு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான் என்றார்கள். கிளம்பிவிட்டோம். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ்ஸில் சுடச்சுடச் சாப்பாடு போட்டார்கள். அந்த அம்மாவுக்குப் புண்ணியம்.

இறங்கும் வழியில்தான் விளம்பரப் படத்தை மாப்பிள்ளையிடம் காட்டினேன். ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: “மச்சான், இது எங்கள் ஊர் ஸ்டேஷனில் இருக்கும் பப். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.” முன்பே காட்டியிருந்தால் பணம் தப்பியிருக்கும்.

அன்று மாலையே ஆரம்பித்தேன். விடுதிக்காரர் முதல் முறை எடுத்து, “நீங்கள்தானே சாப்பிடாமல் போனீர்கள், நான் என்ன செய்வது” என்றார். இரண்டாம் முறை, செயலியில் கேளுங்கள் என்றார். செயலியில் மனிதக் குரலே கிடையாது, எழுத்து உரையாடல்தான். ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று நான்கு பேர் நான்கு பெயரில் வருந்தினார்கள். நான்கு பேருக்கும் நடந்ததை முதலிலிருந்து எழுதினேன். முடிவாகச் சொன்னது இது: எங்களுக்கு வந்தது 3,600தான், நீங்கள் வருகை தந்துவிட்டதால் அதுவும் திரும்பாது, 15,000 எங்களுக்கு வெளியே நடந்த விவகாரம். கூடவே 500 ரூபாய்க் கூப்பன், முப்பது நாளுக்குள் பயன்படுத்த வேண்டுமாம். 18,600 போனவனுக்கு 500 ரூபாய்க் கூப்பன்! படம் ஷெஃபீல்டில் எடுத்தது என்று எழுதியதற்குப் பதிலே இல்லை, புகாரை மூடிவிட்டார்கள். நான் எழுதிய மதிப்புரையும் மறுநாள் காணோம். அந்த 4.7 எப்படி வந்தது என்று இப்போது புரிகிறது.

வங்கியில், ரகசிய எண்ணை நீங்களேதானே போட்டீர்கள், இது மோசடிக் கணக்கில் வராது என்றார்கள். செவ்வாய்க்கிழமை விடுதிக்காரரே கூப்பிட்டார். பணத்தைத் திருப்புகிறேன், ஒரு க்யூஆர் குறியீடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்றார். என் மனைவி கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். பணம் வாங்குவதற்கு எதற்கு ரகசிய எண்? 15,000 எடுத்தவன் இன்னும் எடுக்கப் பார்த்தான். அதன் பிறகு அந்த எண் என்னை முடக்கிவிட்டது.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவை மட்டும். செயலிக்கு வெளியே தனி ஆளின் எண்ணுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள், என்ன காரணம் சொன்னாலும். விளம்பரப் படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள், நான் செய்யாமல் விட்டது அதுதான். பார் என்றால் உரிமத்தைக் கேளுங்கள். பணம் போனால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். நான் சனிக்கிழமையே அழைக்காமல் செவ்வாய்க்கிழமை அழைத்தேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. உரையாடல், ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், விளம்பரத்தை நேற்றே மாற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அப்பாவும் வருகிறேன் என்கிறார். அந்த மெல்லிய டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தன்னிடம் இருக்கும் பழைய அட்டை டிக்கெட் ஒன்றோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு மேசையில் வைத்திருக்கிறார்.