பெயரில்லாத டி.சி. வாட் மீட்டர்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது

எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லாமல் பல இடங்களில் விற்கும் சின்ன டி.சி. வாட் மீட்டர் இது. ஒரு பக்கம் ‘சோர்ஸ்’, மறுபக்கம் ‘லோடு’ என்று எழுதியிருக்கும். பேட்டரிக்கும் நாம் ஓட்டும் பொருளுக்கும் நடுவே சேர்த்துவிட்டால் வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றும் திரையில் நிற்கும். உச்ச ஆம்பியர், இதுவரை ஓடிய மொத்தத்தைச் சொல்லும் ஆம்பியர்-மணி போன்றவை ஓர் ஓரத்தில் மாறி மாறி வரும். பழைய விளக்கு, மோட்டார் என்று பேட்டரியில் ஓடும் எதையாவது பிரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பவன் நான். மல்டிமீட்டருக்கு அடுத்து என் கை அதிகம் போவது இதன் மேல்தான்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில், பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே காட்டுகிறது. இதற்காகவே இதை வாங்கலாம். ஒரே ஒரு மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இதைச் செய்வதானால் முதலில் வோல்ட் பார்த்து, அப்புறம் வயரைப் பிரித்து, புரோபை வேறு துளைக்கு மாற்றி ஆம்பியர் பார்க்க வேண்டும். அதற்குள் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும், பொருள் சூடாகியிருக்கும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை ஓமில் வரும்; வெவ்வேறு நேரத்து எண்களை வகுத்து வரும் ஓமை வைத்து என்ன செய்வது?

12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அணைந்திருக்கும்போது மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் அரை ஓம்கூடத் தேறாது. அரை ஓம் என்றே வைத்தாலும் 12 வோல்ட்டுக்கு 24 ஆம்பியர், 288 வாட் என்று கணக்கு போகும். விளக்கின் மேலோ 55 என்றுதான் போட்டிருக்கிறது! அதே விளக்கை இந்த மீட்டர் வழியாக எரியவிட்டால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 ஆம்பியர். வகுத்தால் 2.6 ஓம், பெருக்கினால் 55 வாட். மல்டிமீட்டரும் பொய் சொல்லவில்லை. அது சொன்னது குளிர்ந்த இழையின் தடை. டங்ஸ்டன் இழை வெள்ளையாகச் சுடரும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. எரியும் விளக்கின் தடை வேண்டுமென்றால் எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஆனால் சுவிட்சைப் போட்ட கணத்தில் பாயும் பெரிய மின்னோட்டத்தை இதன் உச்ச அளவு முழுதாகப் பிடிப்பதில்லை. அந்த வேகம் இதற்குக் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த உபயோகம் இன்னொன்று. மீட்டரைப் பேட்டரிப் பக்கம் வைத்துவிட்டு, மல்டிமீட்டரை வயரின் மறுகோடியில் லோடின் முனைகளில் வைக்கிறேன். இங்கே 12.6 வோல்ட், அங்கே 12.0, ஓடுவது 5 ஆம்பியர் என்றால் வழியில் தொலைவது 0.6 வோல்ட். 0.6-ஐ 5-ஆல் வகுத்தால் போய்வரும் வயரின் தடை, இணைப்புகளும் சேர்த்து, 0.12 ஓம். பெருக்கினால் 3 வாட். அந்த 3 வாட்டும் வயரையும் இணைப்புகளையும் சூடாக்கவே போகிறது. ஏதாவது ஒரு கனெக்டர் மட்டும் சுட்டால் தளர்ந்திருப்பது அதுதான். 0.12 ஓமை மல்டிமீட்டரின் ஓம் அளவில் நம்பிக்கையாகப் பார்க்க முடியாது. புரோப் வயர்களின் தடையே அதற்குச் சமமாக இருக்கும்.

சரி, குறைகளுக்கு வருவோம். ஆம்பியரில் இரண்டு தசம இடம்தான். பெரிய லோடுக்கு அது போதும். ஆனால் 20 மில்லிஆம்பியர் எடுக்கும் ஒரு எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் சேர்ந்த சுற்றை மாட்டினால் 0.02 என்று காட்டும். உண்மையில் அது 0.015 முதல் 0.025 வரை எதுவாகவும் இருக்கலாம். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 800 ஓமிலிருந்து 480 ஓம் வரை எதுவும் சரியாகிவிடும். அந்த விடை எதற்கும் உதவாது. சின்னச் சுற்றுகளுக்கு மல்டிமீட்டரின் மில்லிஆம்பியர் அளவுதான்.

இதைவிடப் பெரிய குறை அட்டையில் போட்டிருக்கும் ‘100 ஆம்பியர்’. என்னுடையதில் இருப்பது சுமார் 2 சதுர மி.மீ. செம்பு வயர், பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு துண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 செ.மீ. அந்தத் தடிமனில் செம்பின் தடை ஒரு மீட்டர் நீளத்துக்கு 8.6 மில்லிஓம் என்று வைத்தால் வயர் மட்டும் சுமார் 3.4 மில்லிஓம். உள்ளே ஆம்பியரை அளப்பதற்காக இருக்கும் சின்னத் தடையான ஷண்ட் இன்னொரு 1 மில்லிஓம். ஆக 4.4. இதில் 20 ஆம்பியர் ஓடினால் 20 × 20 × 0.0044, அதாவது 1.8 வாட்டுக்குள். கையில் லேசாகச் சூடு தெரியும், அவ்வளவுதான். 100 ஆம்பியர் என்றால் 44 வாட். ஒரு சோல்டரிங் அயர்னின் சூடு இந்தச் சின்னப் பெட்டியிலும் வயரிலும் உட்கார்ந்துவிடும்! மின்னோட்டம் ஐந்து மடங்கானால் சூடு இருபத்தைந்து மடங்கு. சில விநாடி உச்சத்துக்கு வேண்டுமானால் 100 சரி, தொடர்ந்து ஓட்ட நான் 20-ஐத் தாண்டுவதில்லை. அட்டையில் அதையும் அச்சடித்திருக்க வேண்டும்.

ஏ.சி. பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. சுவர் பிளக்கில் மாட்டுவது ஆபத்து. அதோடு, மோட்டார் போன்ற லோடுகளுக்கு ஏ.சி.யில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் உண்மையான வாட் கிடைக்காது; அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் பவர் ஃபேக்டரும் கணக்கில் வர வேண்டும். அதற்குத் தனி மீட்டர்கள் இருக்கின்றன.

திரையில் ஓம் வருவதில்லை என்று சிலர் குறை சொல்வார்கள். வோல்ட்டும் ஆம்பியரும் கண்ணெதிரே இருக்கும்போது ஒரு வகுத்தல் எனக்குச் சுமையாகத் தெரியவில்லை. இணைப்பைக் கழற்றியதும் ஆம்பியர்-மணிக் கணக்கு அழிந்துவிடுவதுதான் நிஜமான எரிச்சல். கழற்றும் முன் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த மீட்டர் தான் அளக்கும் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அது சுமார் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரை அணைந்துவிடும். ஒற்றை லித்தியம் செல்லைச் சோதிக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் இருக்கும் மூன்று பின் சாக்கெட்டில் வேறொரு சின்னப் பேட்டரியைக் கொடுக்க வேண்டும். அதற்கான வயர் என் பெட்டியில் வரவில்லை. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.