கேடட் பேட்ஜ்: தையலா, பித்தளையா?

1908-இல் பிரிட்டனில் ஆபீசர்ஸ் டிரெய்னிங் கோர் (மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி தந்த அமைப்பு; அவர்கள்தான் கேடட்கள்) தொடங்கிய காலத்து பேட்ஜ் ஒன்று வாங்க வேண்டும். துணியில் நூலால் தைத்ததா, பித்தளையில் செய்ததா, எதை எடுப்பது?

பராமரிப்பு
பித்தளை: மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.
தையல்: கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும், வெள்ளிச் சரிகை கறுக்கும். பாலிஷ் போட்டீர்களோ, தொலைந்தது.

போலி
பித்தளை: அசலில் அச்செடுத்து வார்த்த நகல்கள் உண்டு. எழுத்தோரம் மழுங்கி, சிறு குழிகள் தெரியும்.
தையல்: புற ஊதா விளக்கில் பாருங்கள். பழைய பருத்தி நூல் மங்கலாகவே இருக்கும். நீலமாகப் பளிச்சிட்டால் பெரும்பாலும் பிற்கால நூல். (இக்காலச் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் மின்னும், கவனம்!) அப்புறம் பின்பக்கம்: கைத்தையலில் முடிச்சுகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும்.

நாலு பேர் கையில் கொடுத்துக் காட்ட பித்தளைதான் சரி. வெளிச்சம் படாத பெட்டியில் மடிக்காமல் வைக்க முடியுமென்றால் தையல்; நான் அதைத்தான் எடுப்பேன்.