ரஸ்ட்டில் இன்ஸ்டா: நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பிறகு

மணலி கன்டெய்னர் யார்டுக்கு ரஸ்ட் புரோகிராமிங் மொழியில் பில்லிங் எழுதும் தண்டையார்பேட்டை நண்பர், டெஸ்டுக்கு இன்ஸ்டா (புரோகிராம் தரும் விடையை ‘ஸ்னாப்ஷாட்’டாகச் சேமித்து அடுத்த முறை ஒப்பிடும் ரஸ்ட் லைப்ரரி) போடலாமா என்று கேட்டிருக்கிறார். போடலாம். ஆனால் அதிலிருக்கும் ‘ஏ’ பட்டன் மேல் எனக்குத் தீராத கடுப்பு.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எதிர்பார்க்கும் விடையைக் கையால் அடிக்க வேண்டாம். இன்ஸ்டாவின் டெஸ்ட் மேக்ரோவில் @ போட்டு, பக்கத்தில் வெறும் மேற்கோள்குறி வைத்து ‘கார்கோ இன்ஸ்டா டெஸ்ட் --ரிவ்யூ’ கமாண்டை ஓட்டினால் பழையது சிவப்பிலும் புதியது பச்சையிலும் வரும். ‘ஏ’ தட்டினால் ஏற்பு, ‘ஆர்’ நிராகரிப்பு, ‘எஸ்’ அப்புறம் பார்க்கலாம். ஏற்றதும் விடை சோர்ஸ் ஃபைலிலேயே போய் உட்காரும். பில்லில் ஒரு லைன் கூடினால் எல்லா டெஸ்டையும் கையால் திருத்தும் தலைவலி இல்லை. அருமைதான்.

வினையும் அங்கேதான். 40 அடி பெட்டிக்கு நாளுக்கு 500 ரூபாய் கிரவுண்ட் ரென்ட் (யார்டில் பெட்டி கிடப்பதற்கான வாடகை), வாடகை இல்லாத ஃப்ரீ டேஸ் போக 10 நாள் என்று வையுங்கள்; 18% ஜிஎஸ்டியோடு 5,900. பெட்டி யார்டுக்குள் வரும் கேட்-இன் நாளையும் சேர்த்து எண்ணும்படி யாராவது புரோகிராமை மாற்றினால் 6,490. டிஃப்பில் (பழையது-புதியது ஒப்பீட்டில்) அது ஒரே ஒரு வரி. சுற்றிலும் பில் அச்சான நேரம் மாறிய வரிகள் நாற்பது. பத்தாவது ‘ஏ’வுக்கு மேல் யார் படிக்கிறார்கள்? கேட் பாஸைப் பார்க்காமலே சீல் குத்துகிற மாதிரி ஆகிவிடும். அப்புறம் 6,490தான் ‘சரியான’ விடை, டெஸ்டும் பச்சை. புரோகிராம் என்ன கொடுத்ததோ அதைத்தான் ஸ்னாப்ஷாட் வைத்துக்கொள்ளும். என்ன கொடுத்திருக்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதனால் முதலில் சத்தத்தைக் குறையுங்கள். நேரம், யூயூஐடி (ஒவ்வொரு முறையும் புதிதாக வரும் அடையாள எண்) எல்லாவற்றுக்கும் ரிடாக்‌ஷன் போட்டு நிலையான சொல்லாக மாற்றுங்கள். ஹேஷ்மேப்பில் (பெயர்-மதிப்பு ஜோடிகளை வைக்கும் இடம்) ஓட்டத்துக்கு ஓட்டம் வரிசை மாறும். எப்போதும் ஒரே வரிசையில் தரும் பிட்ரீமேப் வையுங்கள், இல்லையென்றால் செட்டிங்ஸில் சார்ட் மேப்ஸை ஆன் செய்யுங்கள். பணத்தை எஃப்64 என்ற தசம எண் வகையில் வைத்திருந்தால் (வைக்கவே கூடாது, பைசாவாக முழு எண்ணில் வையுங்கள்) 0.30000000000000004 மாதிரி வால்கள் வந்து நிற்கும். ஒரு டெஸ்டுக்கு ஒரு பில் போதும்.

டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் பயமில்லை: ‘சிஐ’ என்ற என்விரான்மென்ட் மாறி இருந்தால் இன்ஸ்டா எதையும் எழுதாது, விடை மாறியிருந்தால் டெஸ்ட் விழும். ஆனால் லேப்டாப்பில் இன்ஸ்டா அப்டேட் மாறியை ‘ஆல்வேஸ்’ என்று வைத்திருப்பவரை என்ன சொல்ல? கேட்காமலே பழைய விடை மேல் எழுதிவிடும். விடையை சோர்ஸில் வைக்காமல் தனி ஸ்னாப் ஃபைலில் வைத்திருந்தால், டெஸ்டின் பெயரை மாற்றியதும் பழைய ஃபைல் அனாதையாகக் கிடக்கும்; ‘--அன்ரெஃபரன்ஸ்டு=டெலீட்’ போட்டுத் துடைக்க வேண்டும்.

மொத்தத் தொகை, ஜிஎஸ்டி, நாள் கணக்கு மூன்றையும் கையால் கணக்குப் போட்டு, இரண்டு மதிப்பும் சமமா என்று பார்க்கும் பழைய அசெர்ட் ஈக்யூவில்தான் எழுத வேண்டும். பணத்தை இன்ஸ்டாவை நம்பி விடாதீர்கள்.

இவ்வளவு திட்டினாலும் இது இல்லாமல் புதுசாக ஒரு புராஜெக்ட் தொடங்க மாட்டேன். டெவ் டிபென்டன்சியில் யாமல், ரிடாக்‌ஷன்ஸ் இரண்டு ஃபீச்சரையும் சேர்த்தே போடுங்கள். பின்னதை விட்டால் ரிடாக்‌ஷன் எழுதிய டெஸ்ட் கம்பைலே ஆகாது. ரிவ்யூ கமாண்டுக்கு கார்கோ-இன்ஸ்டாவைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும்.